ஆலோசனைக் குழுக்களும் ஆலோசனை கேட்கப்படாத மக்களும்

அரசு என்பது ஆணையிடும் நிறுவனம் மாத்திரமன்று. அது வாங்கும் நிறுவனமுமாகும். மருந்தும் உரமும், சீமெந்தும் தகரமும், பாடநூலுக்குரிய கடதாசியும் பாதைக்குரிய தாரும் அதனாலேயே பெருமளவில் வாங்கப்படுகின்றன. பாராளுமன்றத்தில் நிகழ்த்தப்படும் உரைகள் மலையகத் தோட்டமொன்றின் லயன் அறையைச் சென்றடைய நெடுங்காலம் பிடிக்கும். சிலவேளை சென்றடையாமலே போகும். ஆனால் கொழும்பில் ஒரு குழு கூடிக் கையொப்பமிட்டு வாங்கும் பொருள் தவறாது அங்கு சென்றடைகின்றது. பொருள் நல்லதாயின் நன்மையாகவும், தீயதாயின் நோயாகவும், வாங்கப்படாது விடின் பட்டினியாகவும் அது வந்து சேர்கின்றது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் உணவு இறக்குமதி சுருங்கிப் பங்கீட்டு அரிசியும் மாவும் குறைக்கப்பட்டபோது, பயிரிடச் சொந்த நிலமற்ற தோட்ட மக்களிடையே நேர்ந்த மரணங்கள் இவ்வுண்மைக்குச் சாட்சியாகும்.

ஆகவே, அரசு எதை, எவரிடம், எவ்விலைக்கு, எவ்வாறு வாங்குகின்றது என்பது கணக்காளர்க்கும் வணிகர்க்கும் மட்டுமே உரிய வினாவன்று. அது மக்களின் உயிரோடும் ஊதியத்தோடும் தொடர்புடைய அரசியல் வினாவாகும். இவ்வினா எழும்போதெல்லாம் ஆட்சியாளர் ஒரே விடையைக் கூறி வந்துள்ளனர்: “குழு நியமிக்கப்பட்டுள்ளது.” குழு நியமிக்கப்பட்டதும் குறை தீர்ந்துவிட்டதாகக் கருதும் பழக்கம் படித்தவரிடையேயும் வேரூன்றியுள்ளது. அக்குழு எவரால் நியமிக்கப்பட்டது, எவர் அதில் அமர்ந்துள்ளனர், ‘கூடாது’ எனச் சொல்ல அதற்கு அதிகாரம் உண்டா, அதன் அறிக்கையை எவர் படிக்கலாம் என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. இவற்றை எழுப்பாத வரையில் ஆலோசனைக் குழு என்பது கொள்வனவை மேற்பார்வை செய்யும் கண்ணாக அன்றி, அதனை மறைக்கும் திரையாகவே அமையும்.

இலங்கையில் அரச கொள்வனவுக்கெனக் குழுக்கள் இல்லாமலில்லை, படிப்படியாக அடுக்கப்பட்டுள்ளன. விலைமனுக்களை ஆராய்ந்து பரிந்துரை செய்வது தொழினுட்ப மதிப்பீட்டுக் குழு. அப்பரிந்துரையைக் கொண்டு முடிவெடுப்பது பெறுகைக் குழு. பெருந்தொகைக் கொள்வனவாயின் அமைச்சரவையால் நியமிக்கப்பட்ட பெறுகைக் குழு அதனைக் கையேற்கும். வாங்கி முடித்த பின் கணக்காய்வாளர் தலைமையதிபதி ஆராய்வார். அதன்பின் பாராளுமன்றத்தின் அரசாங்கக் கணக்குக் குழுவும், ‘கோப்’ எனப் பத்திரிகைகள் அழைக்கும் பொது முயற்சிகள் பற்றிய குழுவும் வினாத் தொடுக்கும். இத்தனை வாயில்கள் இருந்தும் கள்வன் நுழைவது எவ்வாறு? வாயில்கள் குறைவாக இருப்பதனாலன்று. காவலர் கையிற் சாவி இல்லாமையினாலேயே எனலாம்.

இதற்குத் தேசியப் பெறுகை ஆணைக்குழுவின் வரலாறே தக்க எடுத்துக்காட்டாகும். 2015ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்ட அரசியலமைப்பின் பத்தொன்பதாவது திருத்தம் இவ்வாணைக்குழுவைத் தோற்றுவித்தது. அரசியலமைப்புப் பேரவையின் விதப்புரையின் பேரில் ஜனாதிபதியால் நியமிக்கப்படும் ஐவர் அதன் உறுப்பினராவர். 2020ஆம் ஆண்டு ஒக்டோபரில் நிறைவேறிய இருபதாவது திருத்தம் அதனை முற்றாக ஒழித்தது. 2022ஆம் ஆண்டு ஒக்டோபரில் இருபத்தோராவது திருத்தம் அதனை மீண்டும் உயிர்ப்பித்தது. ஏழாண்டுக் காலத்திற் பிறந்து, இறந்து, மறுபடியும் பிறந்த காவலன் இவன். காவலனை ஒழிக்கும் உரிமை காவலுக்கு உட்பட்டவனின் கையிலேயே இருக்குமாயின், அக்காவலின் பொருள் யாது? நாணயத்தின் பெறுமதி சரிந்து, எரிபொருளும் மருந்தும் இன்றி மக்கள் வரிசையில் நின்ற அதே காலப்பகுதியிலேதான் இந்நாட்டில் கொள்வனவைக் கண்காணிக்கும் சுயாதீன ஆணைக்குழு எதுவும் இருக்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஆணைக்குழு உயிரோடிருக்கும்போது அதன் அதிகாரம் எத்தகையது என்பதையும் நோக்குதல் வேண்டும். கொள்வனவு நியாயமாகவும், ஒளிவுமறைவின்றியும், போட்டி அடிப்படையிலும் நடைபெறுவதற்கான வழிகாட்டல்களை அது வகுக்கலாம். தகுதியுள்ள விலைமனுதாரர்க்குச் சமவாய்ப்பு அளிக்கப்பட்டதா, குழுக்களில் அமர்ந்தோர் தகுதி வாய்ந்தவரா என அது கண்காணிக்கலாம். முறைக்குப் புறம்பான கொள்வனவுகளை விசாரித்து உரிய அதிகாரிகளுக்கு அறிக்கையிடலாம். ‘அறிக்கையிடல்’ என்ற அச்சொல்லோடு அதன் கை நின்றுவிடுகின்றது. முறைகேடான ஒப்பந்தத்தை நிறுத்தும் அதிகாரம் அதற்கு வழங்கப்படவில்லை. தீப்பற்றிய வீட்டைக் கண்டு நீர் ஊற்றாது, தீயின் அளவைக் குறித்துக் கடிதம் எழுதும் பணியே அதற்கு விதிக்கப்பட்டுள்ளது.

இக்குறைபாடு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. அது மலையகத்தின் மலைச்சரிவுகளிலே விளைந்து காய்த்த வரலாறு அண்மைக் காலத்தது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி வர்த்தமானி வாயிலாகத் தடை செய்யப்பட்டது. விவசாய விஞ்ஞானிகள் எச்சரித்தனர். தேயிலைத் துறையினரும் எச்சரித்தனர். அவ்வெச்சரிக்கை அனைத்தும் ஆலோசனை என்ற அளவிலேயே நின்றது. பின்னர், நெற்செய்கைக்கெனச் சீனாவிலிருந்து சேதன உரம் வாங்க ஒப்பந்தம் செய்யப்பட்டது. அவ்வுரத்தின் மாதிரிகளைப் பரிசோதித்த தேசிய தாவரத் தடுப்புக்காப்புச் சேவை, தீங்கு விளைக்கக்கூடிய பற்றீரியா அதில் உண்டெனக் கண்டு அனுமதி மறுத்தது. உரமேற்றிய கப்பல் துறைமுகம் புகவில்லை; உரம் நாட்டில் இறக்கப்படவுமில்லை. ஆயினும் வழக்கும் தூதரகச் சச்சரவும் முற்றி, 2022ஆம் ஆண்டு ஜனவரியில் மக்கள் வங்கி 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க டொலரைச் செலுத்த நேர்ந்தது. ஒரு பிடி உரமும் பெறாது நாடு பணம் கொடுத்தது. டொலர் இன்மையாற் பாண் மாவுக்கும் பாற்பவுடருக்கும் மக்கள் ஏங்கிய மாதங்கள் அவை.

இந்நிகழ்ச்சி புகட்டும் பாடம் கூர்ந்து நோக்கத்தக்கது. இங்கே ஒரு விஞ்ஞான நிறுவனம் தன் கடமையைத் தவறாது செய்தது. ‘கூடாது’ எனச் சொல்லச் சட்டம் அதற்கு அதிகாரம் அளித்திருந்தமையால் நாட்டின் மண் காக்கப்பட்டது. ஆனால் அச்சொல் ஒப்பந்தத்தின் பின்னரே ஒலித்தமையாற் பணம் காக்கப்படவில்லை. மேற்பார்வை என்பது அதிகாரத்தோடு இருத்தல் வேண்டும். அதுவும் கையொப்பத்துக்கு முன்னரே இருத்தல் வேண்டும். இவ்விரண்டில் ஒன்று குறையினும் பயன் அரைப்பங்கே.

அவ்வுரம் வயலுக்கென வாங்கப்பட்டது. தேயிலைக்கு வேண்டிய உரமோ தடையினால் வாராதொழிந்தது. 2021 நவம்பரில் அரசாங்கம் பின்வாங்கியபோதும், உரத்தின் விலை எட்டாத உயரத்துக்குச் சென்றிருந்தது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவாக வீழ்ந்தது. இவ்வீழ்ச்சியை ஏற்றுமதிப் புள்ளிவிவரமாக நோக்குவோர் அன்னியச் செலாவணி இழப்பைக் காண்பர். ஹட்டனிலோ தலவாக்கலையிலோ கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்று நோக்குவோர் வேறொன்றைக் காண்பர். நாட்சம்பளம் 1,000 ரூபாயாக 2021இல் உயர்த்தப்பட்டபோதே, குறித்த கிலோ அளவு கொழுந்து பறித்தாலன்றி முழுப்பேர் இல்லை என்னும் நிபந்தனை இறுக்கப்பட்டது. உரமின்றிச் செடி துளிர்க்க மறுத்த மலையில், நாள் முழுதும் கால் நோக நின்றும் கூடை நிரம்பாத பெண்ணுக்கு அரைப்பேரே விழுந்தது. உரக் கொள்கையை வகுத்தோருக்கும் கொள்வனவுக்குக் கையொப்பமிட்டோருக்கும் அம்மாதச் சம்பளம் குறையவில்லை. அவர்களது பிழைக்குரிய தண்டப்பணத்தைச் செலுத்தியவள் அக்கொழுந்து பறிப்பவளே.

உரத்தை விட்டு மருந்துக்கு வரின் நிலைமை இன்னும் கொடியது. 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையிற் கண்புரைச் சத்திரசிகிச்சைக்கு உள்ளான நோயாளர் சிலரின் பார்வை பாதிக்கப்பட்டது. சத்திரசிகிச்சையின் பின் இடப்பட்ட, இந்தியாவிலே தயாரிக்கப்பட்ட பிரெட்னிசொலோன் கண்சொட்டு மருந்தின் மேல் ஐயம் விழுந்தது. மருந்து பாவனையிலிருந்து விலக்கப்பட்டது. சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து பேருந்தேறி வரும் ஏழைகளுக்குக் கண் வைத்தியம் என்றால் அவ்வைத்தியசாலையே. தனியார் மருத்துவமனையை நாடும் வசதியுள்ளோர் அரச கொள்வனவின் தரத்தைப் பற்றிக் கவலையுறத் தேவையில்லை. அவ்வசதியற்றோர்க்கு அத்தரமே கண்ணும் பார்வையுமாகும். அதே ஆண்டிலேதான் தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்து அரச வைத்தியசாலைகளுக்கு வழங்கப்பட்ட விவகாரமும் வெளிவந்தது. அதன் தொடர்பில் முன்னாள் சுகாதார அமைச்சர் 2024 பெப்ரவரியிற் கைது செய்யப்பட்டார். குற்றத்தைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் பணி. ஆயினும், தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை 2015ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்டு இயங்கிவந்த நாட்டிலே, குழுக்கள் பல இருக்கையிலே, இது நேர்ந்தது என்பதை மறைத்தல் இயலாது. ‘அவசரம்’ என்ற ஒரு சொல்லாற் பதிவு விதிகள் தளர்த்தப்பட்டன. அச்சொல்லின் நிழலிலே கேள்விகள் அடங்கின.

குழு என்றாலே பயனற்றது என்பது இங்கு வாதமன்று. பயன்தரும் குழு எத்தகையது என்பதற்கு இந்நாட்டு வரலாறே சான்று தருகின்றது. மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலேயும் மருத்துவர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971இல் அளித்த அறிக்கையின் பயனாக அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. மருத்துவ அறிஞர் அடங்கிய தேசிய மருந்துக்கோவைக் குழு, தனியார் துறைக்கு இறக்குமதியான ஏறத்தாழ 2,100 மருந்துகளை ஆராய்ந்து, 600 அளவிலானவையே போதுமெனத் தீர்த்தது. அக்குழு பரிந்துரைத்தது காகிதத்தில் நின்றுவிடவில்லை. கூட்டுத்தாபனம் வாங்கும் எல்லையை அப்பட்டியலே வரையறுத்தது. வணிகப் பெயர்களுக்கு மாறாக மருந்தின் இயற்பெயரால் உலகளாவிய கேள்வி கோரப்பட்டது, விலைகள் வீழ்ந்தன, பல்தேசிய நிறுவனங்கள் சினந்தன. ஓர் ஆலோசனைக் குழுவைக் கண்டு பெருமுதலாளிகள் சினப்பாராயின் அக்குழு தன் பணியைச் செய்கின்றது எனக் கொள்ளலாம். குழுவைக் கண்டு எவரும் சினக்கவில்லையாயின் அக்குழு இருந்தென்ன, இல்லாதொழிந்தென்ன? 1977இன் பின் திறந்த பொருளாதாரம் அம்முயற்சியின் பெரும்பகுதியைக் குலைத்தது வேறு கதை.

கடல் கடந்து தமிழகத்தை நோக்கினும் பாடம் உண்டு. 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரச மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கும்போது, வந்திறங்கும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, தயாரித்தவர் பெயரை மறைத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புகின்றது. தரம் தேறிய பின்னரே மருந்து நோயாளியைச் சேர்கின்றது. ஆய்வாளருக்குத் தயாரிப்பாளரைத் தெரியாது. ஆதலாற் கைம்மாறுக்கு இடம் குறைவு. நல்லோரைத் தேடி நியமிப்பதோடு நில்லாது, நல்லோர் அல்லாதோரும் தவறு செய்ய இயலாத முறையை வகுத்தல் என்பது இதுவே. 1998இல் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைக்கெனத் தனிச் சட்டமும் இயற்றியது. பிலிப்பைன்ஸ் 2003இல் இயற்றிய கொள்வனவுச் சட்டமோ, விலைமனுக் குழு கூடும்போது பொது அமைப்புகளைச் சேர்ந்த பார்வையாளர் உடனிருத்தல் வேண்டும் என விதித்தது. இலங்கைக்கும் அத்தகைய சட்டம் தேவை எனச் சர்வதேச நாணய நிதியத்தின் 2023ஆம் ஆண்டு ஆட்சிமுறை ஆய்வறிக்கை கூறியது. கடன் கொடுத்தவன் சொன்ன பின்னரே சட்டம் பற்றிய பேச்சு சூடுபிடித்தது. வரி கொடுத்தவன் சொன்னபோது அது எவர் செவியிலும் ஏறவில்லை.

ஈண்டு மலையக மக்களின் தனித்த நிலைமை கருதற்பாலது. பிறர் அரச கொள்வனவில் ஏமாற்றப்பட்டனர்; இம்மக்களோ நெடுங்காலம் அக்கொள்வனவின் எல்லைக்கே புறம்பாக வைக்கப்பட்டனர். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. வாக்களிக்கலாம், உறுப்பினரைத் தெரிவு செய்யலாம், ஆனால் தம் லயனுக்குச் செல்லும் பாதைக்கு ஒரு பீப்பாய் தார் வாங்கச் சபையைக் கேட்க இயலாது என்ற விசித்திர நிலை முப்பதாண்டு நீடித்தது. 2018ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமே அத்தடையை நீக்கியது. அக்காலத்திலேயே நுவரெலியா, அம்பகமுவ என்னும் இரு பிரதேச சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டன. நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகியவை தமக்கெனச் சபைகளைப் பெற்றன. இது போராடிப் பெற்ற வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆனால் சபை கிடைத்ததோடு பணி முடிந்ததா? தாரும் கல்லும் வாங்கும் உரிமை தம்மவர் கைக்கு வந்ததும், முன்னர் கொழும்பிலே நடந்தது இனி ஊரிலேயே நடக்குமாயின் பயன் என்ன? கொள்ளையடிப்பவன் தம் மொழி பேசுகின்றான் என்பதனாற் குழியுள்ள பாதை செப்பனிடப்பட்டு விடாது. தொழிற்சங்கத் தலைமைகளும் அரசியற் கட்சிகளும் இவ்வினாவுக்கு முகங்கொடுக்க வேண்டியவையே.

மாற்றுக் கருத்துடையோர் இரு வாதங்களை முன்வைப்பர். மேற்பார்வை கூடினால் வேகம் குறையும், நோயாளி காத்திருக்க மாட்டான் என்பது ஒன்று. இது கேட்பதற்கு இனிய வாதம். அவசரத்தின் பெயரால் விதி தளர்ந்த காலத்திலேயே தரக்கேடு புகுந்தது என்பதை அண்மைய வரலாறு காட்டிவிட்டது. அன்றியும், மருந்துத் தட்டுப்பாடு ஓர் இரவில் வானிலிருந்து வீழ்வதில்லை; ஆண்டுத் திட்டமின்மையும் காலத்தில் விலைமனு கோராமையுமே அவசரத்தைப் பெற்றெடுக்கின்றன. தாமதத்தை உண்டாக்கியவரே அத்தாமதத்தைக் காட்டி விதிவிலக்குக் கேட்பது, வீட்டுக்குத் தீ வைத்தவன் கதவை உடைக்க உரிமை கோருவதை ஒக்கும்.

தோட்டத் தொழிலாளிக்குக் கொள்வனவு நுணுக்கம் தெரியாது. நிபுணரே குழுவில் அமர்தல் வேண்டும் என்பது மற்றையது. தேசியப் பெறுகை ஆணைக்குழுவின் ஐவரில் மூவரேனும் பெறுகை, கணக்கியல், சட்டம், பொது நிருவாகம் ஆகியவற்றில் மேம்பட்டோராக இருத்தல் வேண்டும் என அரசியலமைப்பு விதிக்கின்றது. நிபுணத்துவம் வேண்டுவதே, அதனை மறுப்பார் இல்லை. ஆனால் வாங்கிய பொருளைப் பாவிப்போர்க்கென ஓரிடமேனும் எங்கும் ஒதுக்கப்படவில்லை. விலைமனுவின் எண்களைக் கூட்டிப் பார்க்கக் கணக்காளர்க்கு இயலும். எந்தத் தகரம் இரண்டாம் மழையிலே துருவேறி ஒழுகும், எந்த உரம் இட்ட மலை துளிர்க்கும், தோட்ட மருந்தகத்தில் எந்த மருந்து மாதக்கணக்காய் இல்லை என்பதை அறிந்தவர் எவர்? அவ்வறிவும் நிபுணத்துவமே, அதற்குப் பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் இல்லை என்பதே வேறுபாடு. இந்திய அரசின் உதவியுடன் தோட்டப்புறங்களில் எழுந்த 4,000 வீடுகளின் திட்டத்திலே வீடு பெறுவோரும் பங்குகொண்டனர். தம் வீட்டைத் தாமே கட்டும் பொறுப்பை ஏற்க வல்லவர், அரசு தமக்கென வாங்குவதைப் பார்த்துச் சொல்லவும் வல்லவரே.

ஆகவே வேண்டப்படுவன யாவை? கொள்வனவு மேற்பார்வைக் குழு சட்டத்தின் வலிமை பெறுதல் வேண்டும். ஒரு திருத்தத்தால் ஒழித்துவிட இயலாத பாதுகாப்பு அதற்கு அளிக்கப்படல் வேண்டும். முறைகேடான கொள்வனவைக் கையொப்பத்துக்கு முன்னர் இடைநிறுத்தும் அதிகாரம் அதற்கு இருத்தல் வேண்டும். வெற்றி பெற்ற விலைமனு, விலை, தரப் பரிசோதனை முடிவு ஆகியவை மூன்று மொழிகளிலும் தாமாகவே வெளியிடப்படல் வேண்டும். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் கேட்டவருக்குத் தகவல் தருகின்றது. கேட்கத் தெரியாதவரும் அறிய வேண்டியவை இவை. பொருளைப் பாவிக்கும் மக்களின் பிரதிநிதிகள் குழுவில் அமர்தல் வேண்டும். இவ்விறுதிக் கோரிக்கைக்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. பிரதேச சபைச் சட்டமே உறுப்பினரோடு பிரதேச வாசிகளையும் ஆலோசனைக் குழுக்களிற் சேர்த்துக்கொள்ள இடமளிக்கின்றது. மலையகத்தின் புதிய சபைகள் இதனை நாளையே தொடங்கலாம். கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தியும், பாடசாலை ஆசிரியர் ஒருவரும், தோட்ட மருந்தகத்தில் பணிபுரிபவர் ஒருவரும் அக்குழுவிலே அமர்ந்து, வாங்கப்படும் கல்லையும் தாரையும் கேள்வி கேட்கட்டும்.

பல்கலைக்கழகங்களுக்கும் இதில் ஒரு கடன் உண்டு. மருந்துக் கொள்வனவை மக்கள் பக்கம் திருப்பிய சேனக பிபிலே விரிவுரை மண்டபத்திலிருந்தே புறப்பட்டார். பொருளியலும் சட்டமும் விஞ்ஞானமும் கற்கும் இன்றைய மாணவர்களுள் மலையகத் தோட்டங்களிலிருந்து வந்தோர் பலர். நாளை தொழினுட்ப மதிப்பீட்டுக் குழுக்களிலும் பெறுகைக் குழுக்களிலும் அமரப்போவோர் அவர்களே. அங்கே ஒரு கோப்பு அவர்கள்முன் நீட்டப்படும். அவசரம் எனக் கூறப்படும். மேலிடத்து விருப்பம் எனக் காதில் ஓதப்படும். அவ்வேளையில், நுவரெலியாவிலே பார்வை மங்கி வீடு திரும்பிய நோயாளியையும், அரைப்பேரோடு மலையிறங்கிய தாயையும் நினைவுகூர்ந்து பேனையைக் கீழே வைப்பார்களா, அன்றி ஒப்பமிடுவார்களா என்பதே இனி எழும் வினாவாகும்.